ஊசி போட வந்தவர் யார்? கேட் கிரேஞ்சரின் கட்டிலிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நர்சிங் மாணவிகளுக்கு முதல் அபிப்பிராயம் பற்றி வகுப்பு எடுத்தால் பேச்சு உடையில்தான் தொடங்கும். கசங்காத யூனிஃபார்ம், ஒட்ட வெட்டிய நகம், வலைக்குள் அடங்கிய கொண்டை, சத்தம் போடாத செருப்பு, முகத்தில் சிரிப்பு. எதுவும் தப்பில்லை. ஆனால் இதெல்லாம் நிற்கிறவர் பக்கத்துக் கணக்கு. படுத்திருக்கிறவருக்கு அந்த முதல் நிமிடம் எப்படி இருக்கும் என்று விவரமாகச் சொல்ல, இரண்டு பக்கமும் இருந்து பார்த்த ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் மருத்துவர். ஆனாலும் அவர் அனுபவத்திலிருந்து நர்ஸ்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது, நர்ஸ்களுக்கென்றே எழுதப்பட்ட பல கையேடுகளில் கிடைப்பதைவிட அதிகம்.

நிகழ்வு

கேட் கிரேஞ்சர் 1981இல் பிறந்தவர். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் முதியோர் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்தார். 2011இல், 29 வயதில், கணவர் கிறிஸ் பாயின்டனுடன் கலிஃபோர்னியாவுக்கு விடுமுறை போன இடத்தில் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. பரிசோதனைகளின் முடிவில் தெரியவந்தது டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்மால் ரவுண்ட் செல் ட்யூமர் என்ற புற்றுநோய். பெரும்பாலும் வயிற்றுக்குள் வளரும், மிக அரிதான வகை. அவர் விஷயத்தில் குணமாக வழி இல்லை.

ஊர் திரும்பி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நடந்த ஒன்றைப் பின்னாளில் பல மேடைகளில் அவர் சொன்னார். அதுவரை பார்த்தே இராத ஓர் இளம் மருத்துவர் அறைக்குள் வந்தார். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தபடி, எம்ஆர்ஐயில் நோய் பரவியிருப்பது தெரிகிறது என்றார். கூட யாராவது இருக்கட்டுமா என்று கேட்கவில்லை. சொன்னதும் எழுந்து போய்விட்டார். கேட் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: அந்த மருத்துவர் சொன்ன தகவல் சரி. நாற்காலியில் உட்காரவும் செய்தார். கையேட்டில் இருக்கும் ஒரு கட்டத்துக்கு டிக் போட்டுவிடலாம். ஆனால் அவர் யார், எதற்கு வந்தார் என்பது கட்டிலில் இருந்தவருக்குக் கடைசிவரை தெரியாது.

அதே காலத்தில் வார்டில் அவர் காதில் விழுந்த இன்னொன்று, அவருடைய புதிய பெயர். ‘ஏழாம் நம்பர் கட்டில்’. சில சமயம் ‘அந்த ட்யூமர் பொண்ணு’. திரைக்கு வெளியே நின்று பேசினால் உள்ளே கேட்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படுத்துக் கிடப்பவருக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

2013 ஆகஸ்டில், ஒரு சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் நோய்த்தொற்று ஏறி மறுபடி படுக்கையில் விழுந்தார். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றப்பட்ட நேரத்தில் பலர் வந்தார்கள், போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமலே வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். மாறாக நினைவில் நின்றவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற போர்ட்டர். அவர் பேரைச் சொன்னார்.

மாலையில் பார்க்க வந்த கணவரிடம் கேட் இதைச் சொல்லிப் புலம்பினார். புலம்பியது போதும், ஏதாவது செய் என்றார் கிறிஸ். அன்று பிறந்ததுதான் ட்விட்டரில் தொடங்கி உலகம் சுற்றிய ‘ஹலோ மை நேம் ஈஸ்’ இயக்கம்.

வேலை நடந்தது, அறிமுகம் நடக்கவில்லை

இந்த நிகழ்வை மோசமான கவனிப்புக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டால் பாடம் கை நழுவிவிடும். மோசமான கவனிப்புக்கு அதே ஆண்டு இங்கிலாந்தில் வேறு உதாரணம் கிடைத்தது. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரியில் நடந்த அலட்சியங்கள் குறித்து ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில், 290 பரிந்துரைகளுடன் வந்தது. கேட்டின் நிலை அது மாதிரி இல்லை. அவருக்கு மருந்து கிடைத்தது, தொற்று அடங்கியது, உயிர் பிழைத்தார். சார்ட்டில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டுத்தான் இருந்திருக்கும். அறிமுகம் என்ற கட்டம் மட்டும் எந்தச் சார்ட்டிலும் இல்லை.

அதனால்தான் இந்த நிகழ்வு நர்ஸுக்கு முக்கியம். ஒரு நோயாளியை ஒரு நாளில் அதிகம் தொடுகிறவர் நர்ஸ். பி.பி. பட்டை கட்ட, நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குத்த, டிரெஸ்ஸிங் பிரிக்க, யூரின் டியூப் போட என்று உடம்பின் அந்தரங்கத்துக்குள் மற்ற யாரையும்விட அடிக்கடி நுழைகிறார். பேர் தெரியாத ஆள் போர்வையை விலக்குவதும், ‘நான் இன்னார், இதுக்காக வந்திருக்கேன்’ என்று சொன்னவர் விலக்குவதும் கையசைவில் ஒன்றுதான். அனுபவத்தில் ஒன்று அல்ல.

முகத்தைப் பார்த்த நொடியில் மனிதர்கள் எடை போட்டுவிடுகிறார்கள் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டோடரோவ் இருவரும் வெளியிட்ட சோதனையில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே நம்பலாமா கூடாதா என்று மக்கள் முடிவு கட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அதன் மேல் இருந்த உறுதிதான் கூடியது. இதைக் காட்டிச் சிரிப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முகம் நம் கையில் இல்லை. பன்னிரண்டு மணி நேர நைட் டூட்டி முடிகிற வேளையில் சுத்தமாக இல்லை. அடுத்து வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் நம் கையில் இருக்கிறது.

நம் வார்டில் அது எப்படி இருக்கும்

ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டை எடுத்துக்கொள்வோம். கட்டிலெல்லாம் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருக்கிறார்கள். காலை டூட்டிக்கு வந்த புது ஸ்டாஃப் நர்ஸ் ட்ரேயோடு வருகிறார். வழக்கமாக நடப்பது இது: ‘லட்சுமி யாரு? கைய நீட்டு. நேத்து மோஷன் போனியா?’ முப்பது விநாடியில் ஊசி முடிந்துவிடும். பாட்டி கையைத் தேய்த்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்பார்: ‘என்ன ஊசிடி இது?’

இன்னொரு விதம்: ‘வணக்கம்மா. என் பேரு செல்வி, ஸ்டாஃப் நர்ஸ். மத்தியானம் வரைக்கும் நான்தான் உங்களப் பாத்துக்கப் போறேன். உங்க பேரச் சொல்லுங்கம்மா... வீட்டுக்காரர் பேரு? சரி. இது காய்ச்சலுக்கு டாக்டர் எழுதின ஊசி, கொஞ்சம் சுருக்னு இருக்கும். இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம தடிப்பு வந்திருக்கா?’ நிதானமாகச் சொன்னாலும் கூடுதலாக அரை நிமிடம்தான் ஆகும்.

இரண்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் ‘நீ’, ‘நீங்க’. எழுபது வயதுப் பாட்டியை இருபத்திரண்டு வயதுப் பெண் ‘கைய நீட்டு’ என்றால் அதற்கு மேல் எவ்வளவு சிரித்தாலும் ஒட்டாது. கிராமத்திலிருந்து வந்தவர்கள், சட்டை இல்லாமல் வந்தவர்கள், குடித்துவிட்டு அடிபட்டு வந்தவர்கள், இவர்களிடம்தான் நம் நாக்கு முதலில் ஒருமைக்கு இறங்குகிறது. நோயாளிக்குத் துணையாக வந்த, பேன்ட் போட்டு ஆங்கிலம் பேசுகிற அட்டெண்டரைக் கண்டால் தானாக மேலே ஏறிவிடும். வார்டு முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லாரையும் பாட்டி, தாத்தா என்று கூப்பிடுவது பாசமாகத் தோன்றினாலும் ஐம்பத்தைந்து வயது ரிட்டயர்டு டீச்சருக்கு அது பிடிக்காமல் போகலாம். ‘உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்பது பிரிட்டனில் பயிற்சியின் ஒரு பகுதி. நம் ஊரில் இப்படிக் கேட்டால் ஆரம்பத்தில் விநோதமாகப் பார்ப்பார்கள். ‘அம்மா’, ‘ஐயா’ என்று தொடங்கிவிட்டு அவர்கள் எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்று பிடித்துக்கொள்வது இங்கே இயல்பு.

பேர் கேட்பது மரியாதைக்கு மட்டும் அல்ல

ஏழாம் நம்பர் கட்டில் என்ற அழைப்பு கேட்டைப் புண்படுத்தியது. அதைவிட அழுத்தமான காரணம் ஒன்று உண்டு: அது ஆபத்து. நோயாளியை அடையாளம் காணக் கட்டில் எண்ணையோ அறை எண்ணையோ பயன்படுத்தக் கூடாது, குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது சர்வதேச நோயாளர் பாதுகாப்பு விதிகளின் முதல் பாடம். கட்டில் மாறும், ஆளும் மாறுவார். சுவரில் எழுதிய எண் மட்டும் அப்படியே இருக்கும்.

நம் ஊர்ப் பேர்களில் இன்னொரு சிக்கல். குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் இரண்டு கே. லட்சுமி இருப்பது அதிசயமே இல்லை. பிறந்த தேதியைக் கேட்கலாம் என்றால், வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஆகவே அப்பா பேர் அல்லது வீட்டுக்காரர் பேர், அதோடு கேஸ் ஷீட்டில் உள்ள ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), இவை சேர்ந்தால்தான் ஆள் உறுதி. கேட்கிற விதமும் முக்கியம். ‘நீங்க லட்சுமிதானே?’ என்றால் காது மந்தமான பாட்டி ‘ஆமா கண்ணு’ என்பார். அவர் சரஸ்வதியாக இருந்தாலும் ஆமாம்தான். ‘உங்க பேரச் சொல்லுங்க’ என்று கேட்டால் அந்தத் தப்பு நடக்க வழியில்லை. நம் பேரை முதலில் சொல்லிவிட்டு அவர் பேரைக் கேட்கும்போது இந்தச் சோதனை விசாரணை மாதிரி இல்லாமல் பேச்சாகிவிடுகிறது. அறிமுகமும் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன.

அறுவை அரங்கில் இதை உலகம் முன்பே ஒப்புக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், தோலைக் கீறுவதற்கு முன் அங்கே இருக்கிற எல்லோரும் பேரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பட்டியல் முழுவதற்குமான பலன் அது. அறிமுகத்துக்கு மட்டும் எழுதி வைக்க முடியாது. ஆனாலும் கவனியுங்கள், மயக்கத்தில் இருக்கிற நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் தங்களுக்குள் பேர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற விதி, விழித்திருக்கிற நோயாளியிடம் பேர் சொல்லும் இயக்கத்தைவிட ஐந்து ஆண்டுகள் மூத்தது.

ஏன் சொல்வதில்லை

‘நேரம் இல்லை மேடம்’ என்பது முதல் பதில். ஒரு ஷிஃப்டில் நாற்பது பேரை இரண்டு பேர் பார்க்கிற வார்டில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாற்பது பேரிடமும் நின்று அறிமுகம் செய்ய ஷிஃப்ட் மாறும் நேரமே போதும். அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை நர்ஸ் மேஜையில் ரிஜிஸ்டரை வைத்து முடிக்காமல் கட்டில் கட்டிலாக நடந்து முடித்தால், வெளியே போகிறவரே உள்ளே வருகிறவரை அறிமுகம் செய்துவிடலாம்: ‘ஐயா, நான் கிளம்புறேன். ராத்திரி இவங்கதான், பேரு செல்வி. உங்க டிரெய்ன் டியூப் பத்தி சொல்லிட்டேன்.’ முன்பின் தெரியாதவரை நம்புவதைவிட, ஏற்கெனவே நம்புகிற ஒருவர் கை காட்டியவரை நம்புவது எளிது.

யூனிஃபார்மே போதும், எல்லாருக்கும் நான் சிஸ்டர்தானே என்பது இரண்டாவது பதில். நர்ஸ், மாணவி, லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், ஹவுஸ் கீப்பிங் என்று ஐந்து வகை உடை நடமாடுகிற இடத்தில் நோயாளி எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். யாரிடம் வலியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிவதில்லை. துடைக்க வந்தவரிடம் சொல்லிவிட்டு, சிஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது என்று காத்திருப்பார்.

மூன்றாவது பதிலை மாணவிகள் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். பேரைச் சொன்னால் ஆண்கள் வார்டில் சில அட்டெண்டர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஃபேஸ்புக்கில் தேடுகிறார்கள், நம்பர் கேட்கிறார்கள். இன்னும் சிலருக்கு, பேர் தெரிந்தால் புகாரில் தன் பேர்தான் முதலில் வரும் என்ற பயம். இந்தப் பயங்களை ‘அர்ப்பணிப்பு’ என்ற சொல்லால் மூடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. இனிஷியல் வேண்டாம், ஊர் வேண்டாம், முன்பெயரும் பொறுப்பும் போதும். அதற்கு மேல் கேட்டால் ‘ஏதாவது வேணும்னா வார்டு இன்சார்ஜைக் கேளுங்க’ என்று முடித்துவிடலாம். தொந்தரவு தொடர்ந்தால் அதைக் கையாள வேண்டியது நிர்வாகம்.

தேர்வுக்குச் சொல்கிறோம், வார்டில் சொல்வதில்லை

பிரிட்டனில் வேலைக்குப் போகும் நம் நர்ஸ்கள் இந்தப் பழக்கத்தை ஒரு முறை கட்டாயம் கற்கிறார்கள். 2014 முதல் அங்கே வெளிநாட்டு நர்ஸ்களுக்கு இரண்டு கட்டத் தேர்வு. முதலில் கணினித் தேர்வு, பிறகு ஆஸ்கி என்று எல்லோரும் சொல்லும் செய்முறைத் தேர்வு. கை கழுவுவது, பேரும் பொறுப்பும் சொல்வது, நோயாளியின் பேரையும் பிறந்த தேதியையும் வாயால் கேட்டு மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிடுவது, ஒவ்வாமை கேட்பது, சம்மதம் வாங்குவது எல்லாம் மதிப்பெண் தாளில் இருக்கின்றன. பயிற்சி மையங்களில் பொம்மையின் முன்னால் நின்று இதை மந்திரம் போல ஒப்பிப்பதைக் கேட்கலாம். பொம்மைக்குக் கிடைக்கிற அறிமுகம் அடுத்த நாள் காலை டூட்டியில் பாட்டிக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒப்பிப்பது அங்கேயும் ஒரு நோய்தான். ‘ஹலோ மை நேம் ஈஸ்’ இயக்கம் வேகமாகப் பரவியது. 2015 தொடக்கத்தில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அமைப்புகள், நான்கு லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களோடு இதற்கு ஆதரவு தெரிவித்தன. கேட்டுக்கு எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசப் பட்டமும், அவர் பேரில் பரிவான கவனிப்புக்கு விருதும் வந்தன. பெரிய எழுத்தில் பேர் போட்ட பேட்ஜ்கள் எங்கும் வந்தன. பேட்ஜ் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும் ஆபத்தும் கூடவே வந்தது. கண்ணாடி கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருப்பவருக்கு, கேட்டராக்ட் வந்தவருக்கு, எழுத்துத் தெரியாதவருக்கு பேட்ஜ் என்ன செய்யும்?

அறிமுகம் என்பது பரிவான கவனிப்பு என்ற ஏணியின் முதல் படி என்று கேட் சொன்னார். மற்ற படிகளையும் அவர் விடவில்லை: சின்ன விஷயங்களைக் கவனிப்பது, நோயைத் தாண்டி ஆளைப் பார்ப்பது, முடிவுகளில் நோயாளியைச் சேர்ப்பது. நர்ஸின் முதல் நிமிடத்தில் இவை எல்லாம் சின்னச் சின்னதாக வந்துவிட முடியும். கண் மட்டத்துக்குக் குனிவது ஒன்று. அமெரிக்காவின் கான்சாஸில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகெலும்பு அறுவை முடிந்த 120 பேரை ஓர் அறுவை நிபுணர் சிலரிடம் நின்றும் சிலரிடம் உட்கார்ந்தும் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தது உண்மையில் ஒரு நிமிடம்தான். நோயாளிகளுக்கு அது ஐந்து நிமிடத்துக்கு மேல் போலத் தோன்றியது. நின்றபோது ஒன்றரை நிமிடம் இருந்தும் நான்கு நிமிடம் என்றுகூடத் தோன்றவில்லை. நோயாளி தலையைத் திருப்பிக் கஷ்டப்படாதபடி அவர் பார்வையில் படும் இடத்தில் உட்காருங்கள் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். நம் வார்டில் இருக்கிற ஒரே ஸ்டூலில் அட்டெண்டர் உட்கார்ந்திருப்பார், கட்டிலில் உட்காரத் தொற்றுக் கட்டுப்பாடு விடாது. முழங்காலை மடக்கி ஒரு நொடி தாழ்ந்தால் போதும். பாயில் படுத்திருப்பவரிடம் குந்தியே ஆக வேண்டும். நின்றபடி பேசினால் அவருக்கு நம் செருப்புதான் தெரியும்.

அடுத்தது நேரம். ‘இதோ வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் வராத நர்ஸ், நன்றாக ஆரம்பித்ததையும் இழக்கிறார். ‘இன்னும் நாலு பேருக்கு ஊசி இருக்கு, அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள வலி தாங்கலேன்னா ஆள் அனுப்புங்க’ என்பது கேட்க இனிமையாக இல்லாவிட்டாலும் நம்பத் தகுந்த பேச்சு. முதல் அபிப்பிராயம் முதல் நிமிடத்தில் உருவாகிறது, முதல் அரை மணி நேரத்தில்தான் உறுதியாகிறது.

முகமே தெரியாத நிலையிலும் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். லைபீரியாவில் எபோலா பரவியபோது மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர், கவச உடை அணிந்த ஊழியர்களின் சிரித்த முகப் படங்களை அச்சிட்டு அவர்கள் நெஞ்சில் ஒட்டவைத்தார். கொரோனா காலத்தில் நம் ஊரிலும் பிபிஇ உடையின் மேல் மார்க்கரால் பேர் எழுதிக்கொண்டார்கள். சக ஊழியர்களுக்காக எழுதியதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்ட நோயாளிகளும் இருந்தார்கள்.

கேட் கிரேஞ்சர் 2016 ஜூலை 23 அன்று, 34 வயதில், லீட்ஸ் நகரில், கடைசிக்காலப் பராமரிப்பு இல்லமான ஒரு ஹாஸ்பிஸில் இறந்தார். அதற்கு முன் முதியோர் மருத்துவ நிபுணராகப் பொறுப்பேற்று வேலையும் பார்த்துவிட்டார். கிறிஸ் பாயின்டன் இயக்கத்தைத் தொடர்ந்து நாடு நாடாகக் கொண்டுபோனார்.

முதியோர் வார்டு என்பது இந்த நிகழ்வின் இன்னொரு முக்கியமான பகுதி. மறதி நோய் வந்தவருக்கு, பத்து நிமிடம் முன்பு வந்துபோன நர்ஸும் புது ஆள்தான். ‘நேத்தெல்லாம் நான்தானே குளிப்பாட்டி விட்டேன், ஞாபகம் இல்லையா?’ என்று கேட்டால் அவர் பயந்து கையைத் தட்டிவிடுவார். கேஸ் ஷீட்டில் நாம் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவோம். அங்கே ஒவ்வொரு முறையும் எதிரில் வந்து, அவர் கண்ணில் பட்டபின், பேரைச் சொல்லி, எதற்கு வந்தோம் என்று சொல்லித் தொடங்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஒரே ஆளிடம் இருபது தடவை சொல்ல வேண்டி வரலாம். மாணவிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கிளினிக்கல் போஸ்டிங்கில் முதல் வாரம் முடிவதற்குள், குளிக்க மறுத்த தாத்தா எந்த மாணவி வந்தால் எழுந்து வருகிறார் என்று வார்டு ஆயாவே சொல்லிவிடுவார்.